கற்பூர வட்டம்

அக். 9, 1973
காலையிலிருந்து தூறல். எனக்குச் சளி, மூக்கடைப்பு. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. லேபில் ஈஸ்ட் வளர்க்கும் தட்டு நாலு ஊற்றினேன். ஒகேனக்கல் ஆற்றோர மண்ணில் எடுத்த கிருமியின் சாறு. காகிதப் பொட்டை அதில் நனைத்து, ஈஸ்ட் மேல் வைத்தாயிற்று. சுற்றிலும் ஈஸ்ட் செத்து வட்டம் விழுந்தால், அதே பூஞ்சை இனமான படர்தாமரைக்கும் ஒரு மருந்து கிடைக்கலாம். மூன்று வருஷமாக எதுவும் சாகவில்லை, என்னைத் தவிர. இந்த மாதத்தோடு ஆராய்ச்சிப் பதிவு முடிகிறது.

அக். 11
வட்டம். நாலு தட்டிலும். லேபிலேயே அழுதுவிட்டேன். போட்டோ எடுத்தாயிற்று. காலேஜ் பிரின்சிபால் உடனே மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு என் ஆராய்ச்சி கைடிடம் சொல்லிவிட்டார். நேரில் பார்க்க வருகிறாராம். அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனாள். சாப்பிட மறந்துபோனேன்.

அக். 13
சரிபார்க்க, முந்தாநாள் வேறொரு தட்டில் சாறே இல்லாத வெறும் பொட்டு வைத்திருந்தேன். அதைச் சுற்றியும் வட்டம். காகிதப் பொட்டுகளைப் போட்டு வைக்கும் டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் கற்பூரம், நாலு மிளகு. அட்டெண்டர் மாதையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆயுத பூஜையில் மிஞ்சியதாம்.

"வெளிய வெச்சா கரஞ்சி போயிருதுங்கம்மா. இந்த டப்பாதான் இறுக்கமா மூடுது. மொளகு கூட போட்டுத்தான் வெச்சனுங்க."

கற்பூர ஆவி காகிதத்தில் ஏறி ஈஸ்ட்டைக் கொன்றிருக்கிறது. சளியில் எனக்கு வாசமே தெரியவில்லை. திட்ட வாயெடுத்தேன், தெம்பில்லை. புதுப் பொட்டு வெட்டி, மறுபடி நாலு தட்டு.

அக். 15
வட்டம் இல்லை. தயிர் மாதிரி வழவழவென்று ஈஸ்ட். மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

மத்தியானம் கைடு வந்தார். பழைய தட்டுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கற்பூர விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

மாதையனுக்கும் எனக்கும்தான் என்றேன்.

"அவன் யார்கிட்ட சொல்லப் போறான்? முதல் ரிசல்ட்டை எழுதி அனுப்பும்மா. கையெழுத்துப் போடறேன்."

டீகூடக் குடிக்காமல் சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷம். ஆசையாகத்தான் இருந்தது. பிறகு பழைய தட்டு நாலையும் கிருமி கொல்லும் லைசாலில் போட்டேன். தான் கழுவுவதாகச் சொல்லி மாதையன் வந்தார். வேண்டாம் என்று நானே கழுவினேன். ஆராய்ச்சி முடிவை அனுப்பும் படிவத்தில், கண்டறிந்தது என்ன என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதி, மாதையனிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன்.