கோமாவில் படுத்திருப்பவருக்கு

மதிப்புக்குரிய குணச்சித்திர நடிகர் அவர்களுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் நலத்தைத் தினமும் மாலை ஏழு மணிக்கு டிவியில் பார்த்துக்கொள்கிறேன். மூக்கில் குழாயோடு, கண்ணை மூடிப் படுத்திருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருஷ நடிப்பில் இவ்வளவு இயல்பாக நீங்கள் எதையும் செய்ததில்லை. வீட்டில் இருந்தபோதும் இதைத்தானே செய்தீர்கள்.

நாலு நாளாக நீங்கள் போனை எடுக்காததால் கடிதம். உங்கள் மேக்கப்காரர் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நல்ல மனிதர். உங்களோடு இத்தனை நாள் எப்படிக் குப்பை கொட்டுகிறாரோ!

விஷயம் உங்கள் அப்பாவைப் பற்றியது. குளியலறையில் விழுந்த பிறகு அவருக்கு நினைவு முன்னே பின்னே இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். இப்போது டிவியில் படுத்திருப்பது நிஜம் என்றே நம்புகிறார். எல்லாம் நடிப்பு என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நடிப்புன்னா இந்நேரம் வீட்டுக்கு வந்திருக்க மாட்டானா என்று கேட்கிறார். நீங்கள் வந்து எட்டு மாதம் ஆகிறது.

அவர் முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸாக இருந்தவர் என்பது உங்கள் டைரக்டருக்குத் தெரியாது, பாவம். குளுக்கோஸ் பாட்டில் மூன்று வாரமாகப் பாதியிலேயே நிற்கிறதாம். டியூப் மடங்கிக் கிடக்கிறதாம். யாரு அந்த நர்ஸு, எம் புள்ளையக் கொன்னுடுவா போலிருக்கே என்று கத்துகிறார். நாலு மணிக்கே வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். என்னை அங்க கூட்டிட்டுப் போம்மா, பாட்டிலை நானே மாத்திட்டு வந்துடறேன் என்கிறார். நீங்கள் கண்ணைத் திறக்கும்வரை சாப்பாடு வேண்டாமாம். ஐந்து நாளாக அரை டம்ளர் பால்தான். டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

போன வாரம் பெரிய மனசு பண்ணி அவரிடம் ஒரு நிமிஷம் போனில் பேசினீர்களே, அதுவும் வீண். சீரியலில் உங்களுக்கு வேறு ஒருவர் குரல் கொடுக்கிறார். அப்பாவுக்கு இப்போது அந்தக் குரல்தான் மகன். யாரோ பேசறான், எம் பையன் குரல் எனக்குத் தெரியாதா என்று போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். நேர்மையான நீதிபதி, மகளுக்காக உருகும் தகப்பன் என்று ஊர் உங்களை மெச்சியதில் பாதி அந்தக் குரல்காரரின் தொண்டைக்குப் போக வேண்டியது. மீதிப் பாதி மேக்கப்காரருக்கு.

நான் இல்லாம ஷூட்டிங் நின்னுடும், எப்படி வர்றது என்று என்னிடம் அலுத்துக்கொண்டீர்கள். அதையும் விசாரித்தேன். படுத்திருக்கும் காட்சிகளை எல்லாம் போன மாதமே ஒரே நாளில் எடுத்து முடித்துவிட்டார்களாம். தூரத்தில் காட்டும்போது போர்வைக்கு அடியில் இருப்பது இரண்டு தலையணைகளாம். தலையணையால் முடிகிற வேலைக்கு நீங்கள் போய் வாங்கிய பட்டம் குணச்சித்திரம். ஒரு மாதமாக எங்கே இருக்கிறீர்கள், யாரோடு இருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்த ஆசையெல்லாம் எனக்கு விட்டுப்போயிற்று.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் பாத்திரம் சாகப் போகிறது என்று மேக்கப்காரர் சொன்னார். டிவியை அணைத்து வைத்தால், எதையோ மறைக்கிறேன் என்று அப்பா புரிந்துகொள்வார். போட்டால் பார்த்துவிடுவார். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வரியில் மட்டும் கிண்டல் இல்லை.

வந்துவிடுங்கள். மேக்கப் வேண்டாம், வசனம் வேண்டாம். எனக்கு ஒரு வார்த்தை விளக்கம்கூட வேண்டாம். அவர் எதிரில் உட்கார்ந்து, நாடி பிடித்துப் பார்க்கக் கையை நீட்டினால் போதும்.

நூறு வருஷம் நன்றாக இருங்கள். அதில் வியாழக்கிழமை ஒரு நாள் இங்கே இருங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் அப்பாவுக்கு மருமகள்.