தட்டைப் படித்த கணினி

டீச்சர்,

இன்று காலை தோசைக்கல்லில் எண்ணெய் காயும் வாசனை வந்ததுமே உங்கள் ஞாபகம். துறைமுகத்தில் இறங்குகிறவன் வழி கேட்காமல் மூக்கை நம்பியே பினாங்குச் சூலியா தெருவில் என் கடைக்கு வந்துவிடுவான் என்பேன், நீங்கள் சிரிப்பீர்கள். இன்று சிரிக்க வேண்டாம். உங்களுக்காகப் பழி தீர்த்த கதை இது.

என் கடை மூலை மேசையில்தானே உங்கள் கணினிப் பாடம் பிறந்தது? ஆரஞ்சுத் தட்டில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், வாழையிலையில் தோசை என்று படம் படமாக எடுத்துக் கணினிக்குக் காட்டினீர்கள். "இனிமே எது எதுன்னு அதுவே சொல்லும் அண்ணே" என்றீர்கள். பிறகு ஒரு தோசையை ஆரஞ்சுத் தட்டுக்கு மாற்றினீர்கள். 'ரொட்டி சானாய்' என்றது கணினி!

"இதான் பாடமே. அது தோசையைப் படிக்கல, தட்டைப் படிச்சிருக்கு. நாம காட்டுறதைத்தான் அது கத்துக்கும். பிள்ளைங்க இதைக் கண்ணால பாக்கணும் லா."

பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டவன், நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். எனக்கே புரிந்தது.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த ஆசாமியிடம் படங்களை நம்பிக் கொடுத்தீர்கள். நீங்கள் கண்ணை மூடியதும், தன் பாடம் என்று ஊர் ஊராகக் காட்டத் தொடங்கிவிட்டான். உங்கள் பெயர் எங்கும் இல்லை.

போன வாரம் செபராங் ஜெயாவில் அறிவியல், கணித ஆசிரியர்களுக்கு அவன் பயிற்சி. சாப்பாடு என்னுடையது, பினாங்கில் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? "எதை வைத்தாலும் சரியாகச் சொல்லும்" என்று, உங்கள் படங்களைக் கற்ற கணினியின் கேமரா பக்கத்தில் நின்று அளந்தான். ஆரஞ்சுத் தட்டில் தோசையோடு நேரே மேடையேறினேன்.

"இதைக் கேளுங்க சார்."

'ரொட்டி சானாய்' என்றது கணினி.

மண்டபம் சிரித்த சிரிப்பில் பினாங்குப் பாலமே ஆடியிருக்கும். அவன் லேசுப்பட்டவனா? வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதைக் காட்டத்தான் நானும் அண்ணனும் சேர்ந்து திட்டம் போட்டோம். அண்ணனுக்கு ஒரு கைதட்டு!" என்றான்.

எல்லாரும் தட்டினார்கள். எனக்கு, டீச்சர்! வந்த கைதட்டலை வேண்டாமென்று நான் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

அன்றைக்கு மட்டும் மைக்கைப் பிடுங்கினேன். "டேய், நிறுத்துடா! நானும் இல்ல, நீயும் இல்ல. இது எங்க டீச்சர் பாடம்." உங்கள் பெயரைத் தகப்பனார் பெயரோடு சேர்த்துச் சொன்னேன்.

முன்வரிசையில் ஓர் ஆசிரியை எழுந்து, "அப்ப ஏன் சார் அவங்க பேரு போடல?" என்று அவனைக் கேட்டார். திரையில் பாடத்தின் முதல் பக்கத்திலேயே, எல்லார் கண்ணெதிரிலும், உங்கள் பெயரைத் தட்டச்சு அடிக்க வைத்தேன். சின்னதாக அடித்தான். பெரிதாக்கச் சொன்னேன். அவன் பெயரை எடுத்தால்தான் இடம் இருந்தது, எடுத்தான்.

"போகட்டும் விடுங்கண்ணே" என்றிருப்பீர்கள். உங்கள் பெருந்தன்மை எனக்கு வரவில்லை டீச்சர். அந்தக் கோபத்தை இன்னும் இறக்கி வைக்கவில்லை. திரும்பிப் போனதும் அவன் பக்கத்தை மாற்றிவிடுவான் என்று தெரியும். அடுத்த பயிற்சி ஈப்போவிலாம். அங்கேயும் சாப்பாடு நான்தான்.