உப்புக் கிடங்கு போட்ட தாளம்

மார்ச் 3

அக்கா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச். பக்கம் திருப்புவதுகூட இடி மாதிரி கேட்கிறது.

பாட்டுக்காரம்மா வந்துவிட்டார். சொந்தமாகப் பாட்டு எழுதி, பழைய வேனில் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர். சனிக்கிழமை எங்கள் ஊர் மண்டபத்தில் பாடுகிறார். ஒரு காலத்தில் அது உப்புக் கிடங்கு. இருநூறு வருஷம் ஆகியும் ஈரமான நாளில் சுவர் வியர்க்கும், நக்கினால் கரிக்கும். (நக்கிப் பார்த்திருக்கிறேன்.) அறுபது பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். சாவி அப்பாவிடம். அதனால் ஊருக்கே அவர் 'சாவி'.

சாயங்காலம் ஒத்திகை. நான் மண்டபத்துப் பரணில் படுத்துக் கேட்டேன். போன வருஷம் அங்கிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டதிலிருந்து பரண் பக்கமே போகக் கூடாது. தெரிந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். ஆனாலும் — ஓட்டு இடுக்கில் வெயில், வெயிலில் தூசி, கீழேயிருந்து ஏறி வரும் குரல். நானும் ஒரு தூசியாகிக் கொஞ்ச நேரம் மிதந்தேன்.

பாட்டுக்காரம்மா காலால் தாளம் தட்டினார். என் தலைமாட்டில் 'டொக்'.

மார்ச் 4

அந்த 'டொக்' அவருக்குப் பிடித்துவிட்டது. "யாருங்க அது, எனக்குப் போட்டியா தாளம் போடறது?"

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "எங்க மண்டபம்தாம்மா. பாட்டு பிடிச்சாத்தான் தட்டும். போன தடவை வந்தவருக்கு வாயே திறக்கல."

அந்தச் சத்தத்தை வைத்தே ஒரு புதுப்பாட்டு எழுதுகிறாராம். சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து காலால் தட்ட வேண்டுமாம்.

எல்லாருமா? அறுபது பேருமா?

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பெரிய உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு விரிசல். இன்றைக்கு அதன் குறுக்கே ஒரு தாள் துண்டைப் பசை போட்டு ஒட்டிவிட்டு வந்தேன். விரிசல் பெரிதானால் தாள் சொல்லிவிடும்.

பெரிதாகாது.

மார்ச் 5

கிழிந்துவிட்டது.

மார்ச் 6

காலையில் அப்பா பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தார். "அப்பா, அந்த உத்தரம்..." என்றேன். "அதுக்கென்ன, உங்க தாத்தாவுக்குத் தாத்தாவைப் பாத்த உத்தரம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிக்கிறார். என்னத்தைச் சொல்ல?

வேனுக்குப் போனேன். கிழிந்த தாளை நீட்டினேன். அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டது.

பாட்டுக்காரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடிப்பாவி! வலியில முனகுறவன்கூட ஜோடி போட்டுப் பாடிட்டிருந்திருக்கேன்."

நேராக அப்பாவிடம் போய், வெளியே முற்றத்தில் பாடலாமா என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. "மண்டபத்துல என்னம்மா குறை? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"நான்தான்பா. பரண்ல ஏறினேன். உத்தரம் விரிஞ்சிருக்கு. தாள் ஒட்டிப் பாத்தேன், கிழிஞ்சிடுச்சு."

நானா சொன்னேன்? என் குரல் மாதிரியே இல்லை.

அப்பா என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை. பெஞ்சுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட ஆரம்பித்தார்.

மார்ச் 7

முற்றத்தில் கச்சேரி. "சாவி கையில இருந்தும் நம்மளை வெளியில உக்கார வச்சுட்டாரே" என்று யாரோ கேலி செய்தார்கள். அப்பா காதில் விழாத மாதிரி நின்றார்.

மண்டபத்துக் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். பாட்டு உள்ளே போய், கொஞ்சம் உப்பைப் பூசிக்கொண்டு திரும்பி வருகிற மாதிரி இருந்தது. நிலா மேகத்துக்குள் போய்ப் போய் வந்தது. கடைசியில் புதுப்பாட்டு. 'டொக்' வரவேண்டிய இடத்தில் பாட்டுக்காரம்மா சும்மா நின்றார். நாங்களும் மூச்சை நிறுத்திக் காத்திருந்தோம். இருட்டு மண்டபமும் காத்திருந்தது. நான் கால் தரையில் இருப்பதையே மறந்துவிட்டேன்.

அப்பா மட்டும் கதவருகில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மார்ச் 8

வேன் போய்விட்டது. அப்பா என்னோடு பேசவில்லை.

மார்ச் 9

இன்றும் பேசவில்லை. அக்கா கேட்கிறாள், "என்னடி, வீட்ல யாராவது செத்துட்டாங்களா?" செத்திருக்கலாம். யாரும் சாகவில்லை. அதை எப்படி அவளிடம் சொல்வது?

மார்ச் 11

தச்சர் வந்தார். சுவரோரம் உத்தரத்தில் திருப்புளியால் குத்தினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி கைப்பிடி வரைக்கும் இறங்கிற்று. ஓட்டில் ஒழுகி ஒழுகி உள்ளே மட்கிவிட்டதாம்.

"சாவி, அன்னைக்கு மட்டும் உள்ள குதிச்சிருந்தீங்கன்னா, இன்னைக்கு நான் உத்தரமா செய்வேன்? சவப்பெட்டியில்ல செஞ்சிட்டிருப்பேன்!"

அப்பா சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏறும்மா. எந்த இடத்துல தாள் ஒட்டினே, காட்டு."

மார்ச் 29, மத்தியானம்

டார்ச் இல்லை, போர்வை இல்லை. பரணில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா ஓரத்தில் ஒரு தடுப்புக் கட்டை அடித்திருக்கிறார். புது உத்தரத்தில் இன்னும் மரவாசனை. அதே தூசி, அதே வெயில். பாட்டுக்காரம்மாவின் பாட்டு எந்த மூலையிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

உத்தரம் சுவரில் நுழைகிற இடத்தில் புதுத் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறேன். கீழே அப்பா பெருக்குகிறார். இப்போதுதான் துடைப்பச் சத்தம் நின்றது.

"என்னம்மா, தாள் எப்படி இருக்கு?"

"முழுசா இருக்குப்பா."

"சரி. நீ எழுது."