கவிழ்த்து வைத்த கல்

என் அக்காவுக்கு,

நட்சத்திர மீனுக்கு ஏன் ஐந்து கை? நான்கோ ஆறோ ஏன் இல்லை? நேற்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன். குஞ்சுப் பருவத்தில் அதற்கும் நம்மைப் போல இடம், வலம் என இரண்டு பக்கம்தான், வளரும்போது ஐந்தாகிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அவள் அரியலூர்க்காரி. ஆறாம் வகுப்பில் உன்னிடம் படித்தவள். நான் உன் தங்கை என்பது அவளுக்குத் தெரியாது.

"எங்க சுமதி டீச்சரா இருந்தா, 'தெரியலயே, வாங்க தேடுவோம்'னு கெளம்பிடுவாங்க மேடம்" என்றாள்.

நீ போய் ஏழு மாதமாகிறது. இன்னமும் பெரம்பலூர்க் கல்லூரியில் என் வகுப்புக்குள் வந்து என் மாணவியைப் பிடித்துக்கொள்கிறாயே, நியாயமா?

எனக்கு உன் மேல் பொறாமை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா? விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் ஒரு காலத்தில் கடலாக இருந்த உங்கள் அரியலூர் மண்ணில் கடல் பிராணிகள் கல்லாகிக் கிடப்பது உன் கண்ணில்தான் படும்.

அந்த இதய வடிவக் கல் நினைவிருக்கிறதா? கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ்ஸில் வந்தாய்.

"கடல் முள்ளெலிதானேடி? நட்சத்திர மீனுக்குச் சொந்தம்."

"அதுன்னா எப்படித் திருப்புனாலும் ஒரே மாதிரி இருக்கணும். இதுக்கு முன்பக்கம் பின்பக்கம் இருக்கு. இது சிப்பிதான், அக்கா."

"மேல அஞ்சு இதழ் தெரியுது பாரு."

"மண்ணு கீறுனது."

"சரிங்க டாக்டரம்மா" என்று சிரித்தாய்.

எங்கள் துறை அலமாரியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு உண்டு. அதில் 'சிப்பி' என்று எழுதினேன். கொண்டுவந்தவர்: சுமதி. இனங்கண்டவர்: வாணி.

அந்த வாரமே கல்லைக் கழுவினேன். ஐந்து இதழ், பூப்போல. உடம்பின் அமைப்பை வைத்துத்தான் விலங்குகளை இனம் பிரிக்கிறோம். மண்ணுக்குள் புதைந்து ஒரே திசையில் நகரும் சில முள்ளெலிகள், ஐந்தை விடாமலே இரண்டு பக்க உடம்பையும் வாங்கிக்கொண்டவை. நான் படித்ததுதான். ஆனாலும் இதழ் தெரியாதபடி கல்லைக் கவிழ்த்து வைத்தேன். சீட்டை மாற்றவில்லை. உன்னிடம் சொல்லவுமில்லை. நீயும் கேட்கவில்லை. தெரிந்துதான் விட்டுவிட்டாயா?

நாளை அந்த மாணவியின் வகுப்பு எங்கள் துறை அலமாரியைத் திறந்து படம் வரையப் போகிறது. இன்றைக்கே சீட்டை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படிச் செய்யமாட்டேன். அவர்கள் முன்னால் மாற்றுகிறேன். இது உனக்குத் தரும் வாக்கு. பொறாமை போய்விடும் என்று மட்டும் வாக்குத் தரமாட்டேன்.

உன்னுடன் பிறந்தவள்,
வாணி

மறுநாள்: கல்லைத் திருப்பிக் காட்டினேன். "இதைச் சிப்பின்னு எழுதுனது என் தப்பு. எங்க அக்கா, உங்க சுமதி டீச்சர், அப்பவே சரியாச் சொன்னாங்க" என்றேன். அந்த மாணவி என்னையே பார்த்தாள்.

"டீச்சர் எங்க கிளாஸ்லயும் இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தாங்க மேடம். முள்ளெலின்னு சீட்டு ஒட்டியிருக்கும். இனங்கண்டவர், என் தங்கைன்னு கீழ எழுதியிருந்தாங்க."

புதுச் சீட்டில் இனங்கண்டவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். இதிலும் நீ முந்திக்கொண்டாய்.