கீழ்வீடு, தை வரைக்கும்

14 ஜூலை 2024, ஞாயிறு

காலையிலிருந்து விடாத மழை. சந்தில் தண்ணீர் கணுக்கால் வரைக்கும் ஏறிவிட்டது. வாசலில் மண்மூட்டை போட்டுவிட்டு மீன் குழம்பு வைத்தேன்.

ஷாலினி மேலிருந்து இறங்கும்போது வழுக்கி, இரும்பு ஏணியின் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டாள். ஆறாவது மாதம் அவளுக்கு. என் கொழுந்தன் மாரிசெல்வத்தின் பெண்டாட்டி. கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் மேலே, நானும் இவரும் கீழே. மாமனார் கட்டிய வீடு. கீழே ஒரு அறை, அதன் தலையில் தகரக் கூரை போட்டு இன்னொரு அறை, வெளியே செங்குத்தாக ஒரு ஏணி. தாராவியில் பாதி வீடு இப்படித்தான்.

அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். நான் புதுப்பெண்ணாக வந்தபோது மாமனார், மாமியார் கீழே, நான் மேலே. இதே ஏணி, இதே மாதிரி மழை. அஞ்சாம் மாதம் விழுந்தேன். அப்புறம் எனக்கு ஒன்றும் தங்கவில்லை. இதை எழுதி என்ன ஆகப்போகிறது.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன், பிள்ளை பிறக்கிற வரைக்கும் அவர்கள் கீழே இருக்கட்டும், நாங்கள் மேலே போகிறோம் என்று. மாரிசெல்வம், "வேண்டாம் மதினி, ஒங்களுக்கு முட்டுவலி" என்றான். "முட்டு என் முட்டு. நீ ஒன் சோலியப் பாருல" என்றேன்.

16 ஜூலை

நாளைக்கு ஆடி. ஆடியில் வீடு மாறக்கூடாது என்று இன்றைக்கே மாறிவிட்டோம்.

"ரூம் மாறுதது வீடு மாறுததாட்டி?" என்று இவர் கேட்டார். சுடலைக்கண்ணன் என்று பெயர், லெதர் பட்டறையில் வேலை, வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் இப்படி. அடுப்பு மாறினால் வீடு மாறினதுதான். சாமி படங்களைக் கீழேயே விட்டுவிட்டேன். திரும்பி வரப்போகிறவள் எதற்குச் சாமியைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டும்?

19 அக்டோபர்

பெண்பிள்ளை. சிசேரியன். முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள்.

1 டிசம்பர், ஞாயிறு

மாமியார் இசக்கியம்மாள் பெயரை வைக்கச் சொன்னேன். வைத்திருக்கிறார்கள், இஷிகா என்று. "இசக்கிதான் மதினி இஷிகா" என்கிறான் மாரிசெல்வம். மாமியார் இருந்திருந்தால் இவன் நல்லா வாங்கிக் கட்டியிருப்பான்.

தீட்டெல்லாம் கழிந்துவிட்டது. ஆனால் ஷாலினிக்குத் தையல் இன்னும் இழுக்கிறதாம், படி ஏறவேண்டாம் என்றாளாம் டாக்டரம்மா. கூடிய சீக்கிரம் மார்கழி வந்துவிடும். மார்கழியில் யார் வீடு மாறுவார்கள்? "தை பொறக்கட்டும், மாத்திக்கிடுவோம்" என்று நானே சொன்னேன். "சரிக்கா" என்றாள்.

எனக்கொன்றும் அவசரம் இல்லை. மாட்டுங்காவில் நான் சமையல் வேலை பார்க்கிற மாமி வீட்டிலிருந்து வந்தால், மாரிசெல்வம் பிள்ளையைத் தோளில் போட்டு மேலே கொண்டுவந்து தந்துவிடுவான். விளக்கு வைக்கிற வரைக்கும் அவள் என் பிள்ளை. இன்றைக்கு என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

27 டிசம்பர், வெள்ளி

சர்வேக்காரர்கள் வந்தார்கள். மொத்தத் தாராவியையும் இடித்துப் புதுசாக்கப் போகிறார்கள் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்கிறார்கள், இந்தத் தடவை நிஜம்தான் போலிருக்கிறது. உயரக் கட்டிடங்களாம். ஒரு பக்கம் நமக்கு, இன்னொரு பக்கம் விலைக்கு வாங்குகிற பெரிய இடத்துக்காரர்களுக்கு. நடுவில் பூங்கா.

ஒரு பெண், கையில் டேப்லெட். கூட ஒரு பையன், கதவில் பெயிண்டால் நம்பர் போட்டான். "நீச்சே கோன் ரஹதா ஹை?", கீழே யார் இருக்கிறது என்று அவள் கேட்டாள். கீழே என் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும், சின்னப் பிள்ளை இருக்கிறது பாருங்கள், நாங்கள் மேலே என்றேன். எனக்குத் தெரிந்த இந்தியில் நல்லா விளக்கமாகவே சொன்னேன். ஷாலினியைப் பிள்ளையோடு வாசலில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். என்னை ஏணியில் நிற்கவைத்து எடுத்தார்கள். தலைகூட வாரியிருக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். நல்ல பிள்ளைகள், குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்கள்.

16 ஜனவரி 2025

தை பிறந்துவிட்டது. கரும்பும் கடித்தாயிற்று. இன்றைக்குச் சாமானை இறக்கலாமா என்று ஷாலினியிடம் கேட்டேன்.

"அக்கா, சர்வேல போட்டோ எடுத்துட்டாங்கல்ல. இப்போ மாத்தினா கோல்மால் பண்றாங்கன்னு ரெண்டு பேருதையும் கேன்சல் பண்ணிடுவாங்க. ரிசல்ட் வரட்டும்க்கா" என்றாள்.

அவள் காலேஜ் படித்தவள். சரியாகத்தான் இருக்கும். ஆனால் சாமி படத்துக்கு விளக்கேற்ற நான் கீழே போனபோது, ஏற்கெனவே ஏற்றியிருந்தாள். அது என்னவோ எனக்குப் பிடிக்கவில்லை.

9 மார்ச்

மாட்டுங்கா நாகலக்ஷ்மி மாமி சொல்கிறாள், அவள் மகன் நகுல் தாராவியில் வரப்போகிற பெரிய டவரில் ஃபிளாட் பார்க்கலாம் என்று நினைக்கிறானாம். "பாந்த்ரா பக்கத்துல, ஸ்டேஷன் பக்கத்துல, எல்லாம் கிளீனா வரப்போறது. அவன் அங்க வந்தா நீதான் சமைக்கணும், கேட்டியா? கீழ இறங்கி ரோட்டைத் தாண்டினா நீ வேலைக்கு வந்துடலாம்."

நன்றாகத்தான் இருக்கும் மாமி என்றேன். ரயில் மிச்சம்.

18 ஜூன்

யாருக்கு எங்கே வீடு என்கிற தகுதி முடிவு வந்துவிட்டது. இவரும் மாரிசெல்வமும் ஆபீசுக்குப் போய் வந்தார்கள். இவர் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மாரிசெல்வம்தான் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துச் சொன்னான்.

கீழ்வீட்டுக்குத்தான் இங்கே வீடு. மேல்மாடியை அவர்கள் தனி வீடாகக் கணக்கில் எடுக்கவில்லை. மேலே இருக்கிறவர்களுக்குத் தூரத்தில், முலுண்ட் பக்கம் வாடகை வீடு. கீழ்வீடு யாருக்கு? காகிதமெல்லாம் மாமனார் பெயரில், அதனால் சர்வேயின்போது யார் இருந்தார்களோ அவர்களுக்கு. யார் இருந்தது என்று யார் சொன்னது?

நான்தான். நானே. டீ போட்டுக் கொடுத்து.

19 ஜூன்

தூங்கவில்லை. சோறு பொங்கவில்லை. என்ன பொம்பளைடி நீ, அவ கேட்டா வாயை மூடிக்கிட்டு நிக்கத் தெரியாதா? நீச்சே கோன்னா நாங்கதான்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே. இவ பெரிய வள்ளல்!

இல்லை, அப்படிச் சொல்லியிருக்கவும் முடியாது. அவள் பிள்ளையோடு வாசலில் நிற்கிறாள், நான் எப்படி?

22 ஜூன், ஞாயிறு

ஆட்சேபம் சொல்லலாமாம், விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம். மாரிசெல்வம் வந்து, "நான் இருந்தது மதினி வீடு, பிரசவத்துக்காக மாறினோம்" என்று சொன்னால் போதும். சொன்னால் அவர்களுக்கு முலுண்ட். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அவனுக்குச் சின்ன வயசு, மொபைல் கடையில் நல்ல சம்பளம், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். இவருக்குப் பட்டறையை விட்டால் என்ன தெரியும்? பட்டறையும் இந்தச் சந்தில்தான் இருக்கிறது.

கேட்டேன். "வாரேன் மதினி, உள்ளதச் சொல்லுததுக்கு என்ன" என்றான். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

3 ஜூலை

பிள்ளை மேலே வரவில்லை. தூங்குகிறாளாம்.

4 ஜூலை

இன்றைக்கும்.

11 ஜூலை

கீழே கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இந்தப் புழுக்கத்தில் யாராவது கதவைச் சாத்துவார்களா? உள்ளே பிள்ளை "ப்பா, ப்பா" என்று கத்துகிறாள். நான் மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இறங்கிப் போய்க் கதவைத் தட்ட எவ்வளவு நேரமாகும்? போகவில்லை. தட்டினால் திறப்பார்கள், அப்புறம் ஷாலினி முகத்தைப் பார்க்கவேண்டும்.

இவர் சொன்னார்: "விட்டுரு பானு. தம்பி பிள்ளைக்கித்தானே போவுது." எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தூக்கி எறிந்தேன். பிள்ளைக்குப் போகட்டும், என் உயிரும் போகட்டும். ஆனால் கேட்டு வாங்கியிருக்கலாமே. மதினி, எங்களுக்குத் தா என்று வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேனா?

கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. அதுதான் நிஜம்.

21 ஆகஸ்ட், வியாழன்

விசாரணை. அதிகாரி நல்ல மாதிரி, மராத்திக்காரர், எங்களை உட்காரச் சொன்னார். மாரிசெல்வம் வந்திருந்தான். ஷாலினியும், இடுப்பில் பிள்ளையோடு. என்னைப் பார்த்ததும் பிள்ளை தாவியது. ஷாலினி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நான் சொன்னேன். ஏணி, மழை, வயிற்றுப் பிள்ளைக்காரி. பிள்ளை பிறந்ததும் ஏன் திரும்ப மாறவில்லை என்று கேட்டார். தையல் ஆறவில்லை, அப்புறம் மார்கழி மாசம் வந்துவிட்டது, எங்களில் மார்கழியில் அடுப்பு மாற்ற மாட்டோம் என்றேன். "ஒரு ஏணிதானே அம்மா, அரை மணி நேர வேலை" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

பிறகு மாரிசெல்வத்தைக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், "பாபிநே ஹமே தே தியா, சாப்." மதினிதான் எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். எதுவரைக்கும் என்று அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பொய் இல்லையே அது. கொடுத்தது நான்தானே.

வெளியே வந்ததும் இவர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

22 ஆகஸ்ட்

வேலைக்குப் போனேன். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். மாமி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தாள்.

30 நவம்பர்

விசாரணைக்குப் பிறகும் முடிவு மாறவில்லை. இடம் மாறுகிறவர்கள் மாறலாம் என்று சொல்லிவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கட்டிடம் எழும்புகிற வரைக்கும் பக்கத்திலேயே தற்காலிக வீடு. நமக்கு முலுண்ட். மார்கழிக்கு முன்னால் போய்விடலாமா என்று இவர் கேட்டார். தையில் போகலாம் என்றேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்தேன், அழுகையாகப் போய்விட்டது.

25 ஜனவரி 2026, ஞாயிறு. முலுண்ட்

வந்துவிட்டோம். உயரமான கட்டிடம், ஜன்னலைத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. லிஃப்ட் இருக்கிறது. யார் வீட்டிலும் ஏணி இல்லை. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை, கதவு சாத்தியே இருக்கிறது. இவர் நாளைக்குப் பட்டறைக்கு எந்த ரயிலில் போவது என்று கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்.

காலையில் டெம்போவில் சாமானெல்லாம் ஏற்றியாயிற்று. இவர் சந்து முனையில் டிரைவரோடு நின்றார். கீழ்வீட்டில் யாரும் வெளியே வரவில்லை. மாரிசெல்வம் கடைக்குப் போய்விட்டானாம், ஞாயிற்றுக்கிழமையில் என்ன கடையோ. சாமி படங்களைக் கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. கொடியில் என் துண்டு ஒன்று கிடந்தது, அதை எடுக்க மட்டும் மறுபடியும் மேலே ஏறினேன்.

காலி அறை. தகரக் கூரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. துண்டை எடுத்து மடித்துக்கொண்டிருக்கும்போது ஏணியில் தட்டுகிற சத்தம், சின்னக் கை. எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் தெரிந்தது. இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கிறாள், அதற்குள் ஏணியில் ஏறப் பார்க்கிறாள். ஒரு படி ஏறியிருப்பாள். "பெம்மா, பெம்மா" என்றாள். பெரியம்மா என்று அவள் கூப்பிட்டு நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

கீழிருந்து ஷாலினி ஓடிவருகிற சத்தம் கேட்டது. "அங்க எங்கட்டி ஏறுத, விழுந்திருவ. எறங்கு. மேல யாரும் இல்ல."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கூப்பிட்டால் பிள்ளை இன்னொரு படி ஏறும். அது அழுதுகொண்டே உள்ளே போய், கதவு சாத்தின பிறகுதான் இறங்கினேன்.