சின்னதாக ஒன்று

ஜூன் 4

என்னை அறுத்த அன்று இருந்தவர்கள்: என் அம்மா பர்னி. கைகளைப் பிடித்த பெரியம்மா எப்லா. கால்களைப் பிடித்த அடுத்த குடிலின் கல்தூன். பிளேடோடு வந்த டூலோ. நடுவில் நான், ஏழு வயது.

எழுத்து எனக்கு ஒரே ஒரு பருவம்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஞாபகத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதை இன்று எழுதக் காரணம், பெண்கள் சங்கக் கூடத்தில் போட்ட படம். நம் இனத்துப் பெண் ஒருத்தி. சின்ன வயதில் என்னைப்போலவே பெண்குறி அறுத்துத் தைக்கப்பட்டவள். பிழைத்து, கடல் தாண்டிப் போய், மேடை ஏறி அதைப் பேசுகிறாள். அறுக்கும் இடம் வந்ததும் முள்மரத்தைக் காட்டினார்கள். மரத்துக்கா வலித்தது? அறுக்கிறவளைக் கோணல் கண்ணும் அழுக்குத் துணியுமாய்க் காட்டினார்கள். டூலோ அழகி. வெள்ளைப் பல். கையைக் கழுவிவிட்டு, சிரித்துக்கொண்டே என் வாயில் பேரீச்சம்பழம் வைத்தாள். அதற்குப் பிறகு நான் பேரீச்சை தொட்டதில்லை. நோன்பு திறப்பதும் வெறும் தண்ணீரில்தான்.

முடிந்ததும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கயிறு. தாகம் என்றால் எப்லா பெரியம்மா உதட்டை மட்டும் நனைப்பாள். நிறையக் குடித்தால் சிறுநீர் வந்து தையல் விட்டுப்போகுமாம்.

மருமகள் ஷுக்ரி என் பக்கத்தில் உட்கார்ந்து முக்காடு நனைய அழுதாள். அவள்மேல் பாசம் வந்தது.

ஜூன் 5

பாசம் காலைவரைகூடத் தாங்கவில்லை.

காலை அன்ஜீரோ தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டே சொல்கிறாள்: "அத்தை, படம் பாத்ததுக்கப்புறம்தான் மனசு தெளிஞ்சுது. நம்ம ஹிபாக்குக்கு அந்த மாதிரி வேண்டவே வேண்டாம். சின்னதா ஒண்ணு போதும். நர்ஸ் ராஹோ வீட்டுக்கே வருவா. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வா. தையலே கிடையாது."

ஹிபாக் என் பேத்தி. பள்ளிக்கூட விடுமுறை. எட்டு வயது முடிந்துவிட்டது, இதற்கு மேல் தள்ளக்கூடாதாம்.

"சின்னதுன்னா எவ்வளவு?"

விரல் நுனியைக் காட்டினாள்.

"உன் மூக்குல அவ்வளவு எடுத்துக்கட்டுமா?"

"உங்ககிட்ட பேச முடியுதா, அத்தை" என்றாள். அன்ஜீரோ கருகியது.

அப்படியானால் அந்தப் படம் இவளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தது? பெரிதாக அறுத்தால் பாவம். சின்னதாக அறுத்தால் நல்ல தாய். இதற்கா அந்தப் பெண் தன் உடம்பின் கதையை ஊர் முன்னால் விரித்துவைத்தாள்?

ஜூன் 7

ராஹோ வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனாள். கன்னத்தைக் கிள்ளினாள்.

"பாட்டி, நான் சுத்தமா செய்வேன். கையுறை, மருந்து, எல்லாம் இருக்கு. நான் செய்யலன்னா துருப்பிடிச்ச பிளேடோட எவளாவது வருவா."

"டூலோவும் கை கழுவினா."

"யாரு டூலோ?"

"உன் மூத்த அக்கா."

"எனக்கு அக்காவே கிடையாதே, பாட்டி" என்று சொல்லிப் போனாள். வியாழக்கிழமை வருவாளாம்.

ஜூன் 8

முழங்கால் வலி. கல்தூன் அழுத்திப் பிடித்த அதே கால்.

ஜூன் 9

என் மகன் லீபானிடம் கேட்டேன். பெர்பெரா துறைமுகத்துக்கு ஆடு ஏற்றிப் போகும் லாரி அவனுடையது. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லீபான், ஒரே ஒரு வார்த்தை. வேண்டாம்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

"அம்மா, இது பொம்பளைங்க சமாச்சாரம். நான் எதுக்கு நடுவுல?"

"பொண்ணு உன்னோடது."

"அதான் அவ அம்மா பாத்துக்கறாளே. படம் பாத்தீங்களாம், நல்லா இருந்துச்சா?"

எனக்குத் தாங்கவில்லை. "உன்னை வெளிய எடுக்க என்னை மறுபடி கிழிச்சாங்கடா. கிழிச்சுட்டு மறுபடி தைச்சாங்க. உன் உடம்புல ஒரு கீறல் இல்ல."

"காலையில கெளம்பணும்மா" என்று லாரிக்கு அடியில் போய்விட்டான். பேச்சைத் தாங்க முடியாத ஆம்பளைக்கு எப்போதும் ஒரு லாரியோ ஒட்டகமோ இருக்கிறது.

ஜூன் 11

இன்று ஷுக்ரியைத் திட்டத்தான் அடுப்படிக்குப் போனேன். வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

அவளே ஆரம்பித்தாள். "வேண்டாம்னு அவரு சொல்லியிருந்தா விட்டிருப்பேன், அத்தை. கேட்டேன். போனைப் பாத்துக்கிட்டே 'உன் இஷ்டம்'னாரு. நாளைக்கு இவளைக் கட்டிக்க எவனும் வரலன்னா யாரைக் கேப்பாரு? என்னைத்தானே? பள்ளிக்கூடத்துல இப்பவே அவளை அசுத்தம்னு கூப்பிடறாளுங்க. விளையாட்டுல சேத்துக்கறதில்ல."

அடுக்கி வைத்ததை விட்டுவிட்டு வேறு சொன்னேன்.

"யாராவது கேட்டா என் பேரைச் சொல்லு. கிழவி வாசல்ல படுத்துக்கிட்டு எவளையும் உள்ள விடலன்னு சொல்லு. கெட்ட பேரு எனக்குப் புதுசா?"

"நெசமாவே படுத்துக்குவீங்களா?"

"இந்த முட்டியோட படுத்தா எழுந்திருக்க முடியாது. நாற்காலி போட்டுக்கறேன்."

சிரித்தாள். பிறகு அழுதாள். முடிவு என்னவென்று சொல்லவில்லை.

ஜூன் 12

ராஹோ பையோடு வந்தாள். நான் நாற்காலியில். வாயைத் திறப்பதற்குள் ஷுக்ரி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வேண்டாம் ராஹோ. இன்னொரு நாளும் வேண்டாம். சின்னதும் வேண்டாம்."

"கெழவி பேச்சைக் கேட்டுப் பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்கறே."

"நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்றேன்.

ஹிபாக் கொல்லையில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். ராஹோ எதற்கு வந்தாள் என்று தெரியாது அவளுக்கு. தெரியவேண்டாம்.

ஜூன் 14

லீபான் பெர்பெராவிலிருந்து திரும்பினான். லாரியிலிருந்து ஒரு ஆட்டை இறக்கினான். கறுத்த தலை, கொழுத்த வால், நல்ல ஆடு.

"எதுக்குடா இது?"

"ஹிபாக் விருந்துக்கு. முடிஞ்சுதுல்ல?"

ஷுக்ரி சொன்னாள், "இல்ல. செய்யல. செய்யப்போறதும் இல்ல."

"யாரைக் கேட்டு?"

பொம்பளைங்க சமாச்சாரம் என்றவன் கேட்கிறான் — யாரைக் கேட்டு.

என் பேரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "உங்களைத்தான் கேட்டேன். என் இஷ்டம்னீங்க" என்றாள். அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவன் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றான்.

என் அம்மாவுக்குத் தன் அம்மா செய்ததைத் தவிர வேறு தெரியாது. எப்லா பெரியம்மா என்னைவிட அதிகமாக அழுதாள். கல்தூனும் டூலோவும் மண்ணுக்குள் போய்விட்டார்கள், அல்லாஹ் பார்த்துக்கொள்வான். ராஹோவைக்கூட ஒருநாள் உட்காரவைத்துப் பேசிப்பார்ப்பேன். அவர்களிடமெல்லாம் யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கப்பட்டவன் ஒருவன்தான். தாய் கேட்டாள், பெண்டாட்டி கேட்டாள். போய் ஆடு வாங்கிவந்தான்.

நான் பெற்றவன்தான். சோறு போடுவேன். மன்னிக்கமாட்டேன்.

பெயரையும் எழுதிவைக்கிறேன்: லீபான்.