சேர்த்துக்கட்டுமா என்று கேட்டது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு நுரையீரலில் சளி இன்னும் குறையவில்லை, வென்டிலேட்டர்தான் மூச்சு விடுகிறது. போனில் ஆஸ்பத்திரி விஷயம் ஒன்றை நான் மழுப்பியதைக் கவனித்திருப்பாய். சித்தி பக்கத்தில் இருந்தாள், இந்தப் பேச்சை எடுத்தாலே மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா மாமா என்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன்.

அவனைக் கொண்டுவந்த அன்று ஐசியூ வாசலில் ஒரு பெண் டாக்டர் சித்தியிடம் ஆக்சிஜனைப் பற்றி ஏதேதோ சொல்லிவிட்டு, இவரைச் சேர்த்துக்கட்டுமாம்மா என்று கேட்டிருக்கிறாள். அதுக்குத்தானே அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தோம், சீக்கிரம் சேர்த்துக்குங்க என்றிருக்கிறாள் இவள். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதைக் கேட்கிறார்கள் என்று நினைப்பு. அவர்கள் கேட்டது ஆராய்ச்சியில் சேர்ப்பதை! நர்ஸ் பேச்சுவாக்கில் உளறியபோதுதான் எனக்கே தெரிந்தது, தூக்கிவாரிப் போட்டது. கோர்ட்டில் கேள்வி கேட்டே வயிற்றைக் கழுவியவன், விடுவேனா, அந்த டாக்டரைப் பிடித்தேன். ரத்தத்தில் ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வைப்பதும் உண்டு, குறைத்து வைப்பதும் உண்டு, எது நல்லது என்று யாருக்கும் தெரியாது, அதனால் யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டரே குலுக்கிப் போடும் என்றாள். குலுக்க என் தம்பிதான் கிடைச்சானா என்றேன். அவள் கோபப்படவில்லை, அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. தப்பு எங்க மேலதான் சார், அம்மாவுக்குப் புரிஞ்சுதான்னு பார்த்திருக்கணும், வேணாம்னா இப்பவே எடுத்துடறோம், வைத்தியத்துல ஒண்ணும் குறையாது என்றாள். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறவர்களை எப்படியம்மா நம்புவது? எடுக்கச் சொல் என்று சித்தியிடம் சொன்னேன். சித்தி எல்லாவற்றையும் மறுபடி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் தெளிஞ்சு அவரே சொல்லட்டும், அதுவரைக்கும் இருக்கட்டும் என்று முடித்துவிட்டாள். அன்றிலிருந்து யார் ஆக்சிஜன் குமிழைத் திருப்பினாலும் எட்டிப் பார்க்கிறேன், நர்ஸுகள் எனக்கு சிசிடிவி என்று பேர் வைத்திருக்கிறார்களாம்.

நேற்று மயக்க மருந்தைக் குறைத்தார்கள், கண் திறந்தான். சித்தி அசந்த நேரம் பார்த்து, டேய், ஆராய்ச்சி வேணாம்னா கையை அழுத்துடா என்றேன். அழுத்தினான்! டாக்டரை இழுத்துவந்து காட்டினேன். அவள் குனிந்து அவன் கையைப் பிடித்து, கல்லு தண்ணியில மிதக்கும்னா அழுத்துங்க என்றாள். அதற்கும் அழுத்தினான். எலி யானையைவிடப் பெருசுன்னா அழுத்துங்க என்றாள், அழுத்தினான். இன்னும் தெளியல சார், இப்ப இவர் வேணாம்னாலும் கணக்கில்ல, சரின்னாலும் கணக்கில்ல என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஆராய்ச்சியெல்லாம் மறந்துவிட்டது. இவன் நம் ஆளாகத் திரும்பி வருவானா என்ற பயம்தான் மிஞ்சியது.

இன்று காலை அவளே வந்து அந்தக் கல் கேள்வியை மறுபடி கேட்டாள். கை அசையவில்லை. போச்சுடா என்று முகத்தைப் பார்த்தால், இவளுக்கென்ன பைத்தியமா என்பதுபோல என்னை முறைக்கிறான்! சித்தி அழுதுகொண்டே சிரித்தாள். தொண்டைக் குழாயை எடுத்ததும், ஆராய்ச்சிக்குச் சம்மதமா என்று அவனிடமே முறையாகக் கேட்கிறார்களாம். அவன் சரி என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். கேட்கும்போது பக்கத்தில் மட்டும் நிற்பேன்.

நீயும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நீ போன் செய்யும்போது நான் எழுதியதைச் சித்தியிடம் மூச்சுவிடாதே.

என்றும் உன் நினைவில்,
அப்பா